ஓட்டு நம்முது, கோடு யாரு போடுறது?

(இராமநாதபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'உள்ளாட்சித் தேர்தலும் சாதி ஓட்டும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் இந்தச் 'சாதி ஓட்டு' என்கிற வார்த்தையையே கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும். இந்த மாவட்டத்துக் கடற்கரையில் தேர்தல் வந்தால் என்ன நடக்குது? ஒரு பக்கம் ஊர்க் கூட்டம் போட்டு இன்னாருக்குத்தான் என்று முடிவு பண்றாங்க. இன்னொரு பக்கம் ஜமாத்தில் பேசி முடிவு பண்றாங்க. கோயில் மண்டபத்தில் உறவின்முறை கூடுது. அதுக்கெல்லாம் பேர் ஊர்க் கட்டுப்பாடு, ஒற்றுமை, பெரியவங்க சொல் தட்டாத பண்பு. சேரியில் நாலு பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து 'இந்த வாட்டி நம்ம பயலுக்குப் போடுவோம்' என்று பேசினா உடனே சாதி வெறி, பிரிவினை, ஜனநாயகத்துக்கு ஆபத்து! பத்திரிகைக்காரன் முதற்கொண்டு அப்படித்தான் எழுதுறான்.

சாதி பார்த்து ஓட்டுப் போடுவது சரியா தப்பா என்கிற பட்டிமன்றத்துக்கு நான் வரலை. எல்லாரும் பார்த்துத்தான் போடுறாங்க. போட்ட ஓட்டு யாருக்குப் பலிக்குது, யாருக்குப் பலிக்காமப் போகுது, ஏன் என்பதைப் பற்றித்தான் பேசப் போறேன்.

இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு ரத்தத்தில் பதில் எழுதிய வருசம் 1957. அந்த வருசப் பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் மக்களவைக்கும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும் நின்று இரண்டிலும் ஜெயித்தார். சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜூலையில் இடைத்தேர்தல். ஃபார்வர்டு பிளாக் வேட்பாளரே மறுபடியும் ஜெயித்தார். ஆனா நம்ம சனங்களில் கணிசமான பேர் காங்கிரசுக்குப் போட்டிருந்தாங்க. ஜெயிச்ச தரப்பு சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்கலை. ஜெயிச்சாலும், எதிர்த்துப் போட்ட கையை மறக்க முடியலை. பழைய பகை நிறைய இருந்தது உண்மை. தீயைப் பற்ற வைத்தது அந்த இடைத்தேர்தல். ஊர் ஊராக வீடுகள் எரிந்தன. செப்டம்பர் 10ஆம் தேதி முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் சமமாகப் போய் உட்கார்ந்தவர் இம்மானுவேல் சேகரன். பட்டாளத்தில் இருந்து வந்தவர். 33 வயசு நிறையலை. மறுநாள், 11ஆம் தேதி இரவு, பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2011இல் அதே செப்டம்பர் 11 அன்று, அவர் நினைவு நாளுக்கு மக்கள் வந்துகொண்டிருந்தபோது, அதே பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதும் உங்களுக்குத் தெரியும்.

ஆக நம்ம ஓட்டுக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. மதிப்பில்லாத பொருளுக்கு யாரும் வீடு கொளுத்த மாட்டான்.

இனி ரிசர்வ் தொகுதிக்கு வருவோம். இன்னைக்கு இந்த மாவட்டத்தில் நாலு சட்டமன்றத் தொகுதி. பரமக்குடி மட்டும் தனித்தொகுதி. தனித்தொகுதி என்றால் என்ன? நிற்கிறவன் நம்ம ஆள். தேர்ந்தெடுக்கிறவன் எல்லா ஆளும். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் வாதாடிக் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. நம்ம பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கிறது. 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தில் அது போச்சு. பதிலுக்கு இடங்கள் கூடுதலாகக் கிடைச்சது: மாகாணச் சட்டசபைகளில் 148. கையில் இருந்த கத்தியைக் கொடுத்துட்டு உறையை இரட்டிப்பாக வாங்கிக்கொண்ட கதை. அதனால்தான் இரண்டு பக்கத்து ஆதிக்கசாதிக் கட்சிக்கும் பொறுக்கமான, எதிர்த்துப் பேசாத ஒரு ஆள் தனித்தொகுதியில் ஜெயிக்க முடியுது. இது பழைய கதை. இதில் அதிக நேரம் நிற்க வேண்டாம். வார்டுக்குப் போனால்தான் கணக்கு மாறுது.

2011 கணக்குப்படி இராமேஸ்வரம் நகராட்சியில் 44,856 பேர். வார்டு 21. பிரிச்சா வார்டுக்குச் சராசரி 2,100 சொச்சம். குழந்தைகளைக் கழிச்சு, வராதவங்களைக் கழிச்சா பதிவாகிற ஓட்டு ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். நாலைந்து பேர் நின்னாங்கன்னா முந்நூறு நானூறு ஓட்டு வாங்கினவன் கவுன்சிலர். அதாவது ஒரு பெரிய தெரு! சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேலான ஓட்டில் கரைந்து போகிற நம்ம தெரு, வார்டில் தீர்மானிக்கிற சக்தியாக இருக்கு. மாவட்டத்தில் நம்ம மக்கள் 18 சதவீதத்தை ஒட்டி. மாவட்டம் முழுசையும் ஒரே தொகுதியாக வைச்சா 18 சதவீதம் எதையும் ஜெயிக்காது. சின்னச் சின்ன வார்டாகப் பிரிச்சா, சேர்ந்து வாழ்கிற இடத்தில் ஜெயிக்கும். நம்மை ஒதுக்கி ஒரே மூலையில் குடி வைச்ச அதே சாதிதான் இந்தக் கணக்கையும் நமக்கு உண்டாக்கிக் கொடுத்திருக்கு, பாருங்க.

இதை நமக்கு முன்னாடி தெருத்தெருவாகப் போட்டுப் பார்த்தவங்க அமெரிக்காவில் இருக்காங்க. கருப்பர் போராட்டம் நமக்குத் தெரியும், 'பேந்தர்' என்கிற பேரையே அங்கிருந்துதான் எடுத்தோம். மெக்சிக்கோ வழிவந்தவங்க கதை இங்கே அதிகம் பேசப்படலை. டெக்சாசில் சான் அன்டோனியோ என்று ஒரு நகரம். 1970வாக்கில் சனத்தொகையில் பாதியளவு அவங்கதான். நகரத்தின் மேற்குப் பக்கம் அவங்க குடியிருப்பு. மழை பெய்தால் வீட்டுக்குள்ளே வெள்ளம், வடிகால் கிடையாது. பாதி ஆள் இருந்தும் ஏன் நகர்மன்றத்தில் அவங்க கை ஓங்கலை? அங்கே வார்டு கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஊர் முழுசும் ஓட்டுப் போடணும். 'நல்லாட்சிக் கழகம்' என்று பேர் வைச்சுக்கிட்ட ஒரு பணக்கார வெள்ளையர் கூட்டம் 1950களின் நடுவிலிருந்து இருபது வருசம் பட்டியல் போட்டு ஜெயிச்சுக்கிட்டே இருந்தது. அந்தப் பட்டியலில் ஒன்றிரண்டு மெக்சிக்கோ வழியினரும் உண்டு. யார் தேர்ந்தெடுத்த ஆள்? கழகம் தேர்ந்தெடுத்த ஆள். பூனா ஒப்பந்தம் அங்கேயும் இருந்திருக்கு, பேர்தான் வேற.

1974இல் இரண்டு காரியம் நடந்தது. மேற்குப் பக்கத்து மாதாகோயில் பங்குகளை வைச்சு, பெரும்பாலும் பெண்கள் முன்னின்று, வடிகாலுக்காக ஒரு அமைப்புக் கட்டினாங்க. வில்லி வெலாஸ்கெஸ் என்கிற இளைஞர் வீடு வீடாக வாக்காளர் பதிவு பண்ற இயக்கம் தொடங்கினார். 'உன் ஓட்டு உன் குரல்' என்பது அவங்க கோஷம். 1975இல் அங்கே வாக்குரிமைச் சட்டம் ஸ்பானிய மொழி பேசுகிறவங்களுக்கும் விரிந்தது, டெக்சாஸ் மத்திய அரசின் கண்காணிப்புக்குள் வந்தது. நகரம் பக்கத்துப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டதால் சிறுபான்மையினரின் ஓட்டு நீர்த்துப் போகுது என்று 1976இல் மத்திய நீதித்துறை ஆட்சேபித்தது. வேற வழியில்லாம 1977 ஜனவரியில் மக்கள் வாக்கெடுப்பு வைச்சு, மயிரிழையில், பத்து வார்டு முறை வந்தது. அந்த வருசத் தேர்தலிலேயே மன்றத்தில் மெக்சிக்கோ வழியினர் ஐந்து பேர், கருப்பர் ஒருவர். 1981இல் ஹென்றி சிஸ்னரோஸ் மேயர் ஆனார். 1840களுக்குப் பிறகு அந்தச் சமூகத்திலிருந்து வந்த முதல் மேயர்.

இந்த ஐந்தாறு வருசத்தில் அங்கே சனத்தொகை அப்படியொன்றும் கூடிடலை. கோடு மாறியது, பட்டியலில் பேர் ஏறியது, அவ்வளவுதான்.

நம்ம ஊரில் கோடு எப்படிப் போடுறாங்க? நகராட்சியில் எத்தனை வார்டு நமக்கு என்பது நம்ம சனத்தொகை விகிதப்படி. அரசியல் சட்டத்தின் 243டி பிரிவு அப்படித்தான் சொல்லுது. எந்த வார்டு என்பது, பட்டியல் சாதியினர் விகிதம் அதிகமுள்ள வார்டிலிருந்து வரிசையாக இறங்கி வரும். இதில்தான் சூட்சுமம். ஒரு சேரியின் நடுத்தெருவில் வார்டு எல்லையைப் போட்டு இரண்டாக வெட்டிவிட்டால், வடக்குப் பாதி ஒரு வார்டிலே சிறுபான்மை, தெற்குப் பாதி இன்னொரு வார்டிலே சிறுபான்மை. இரண்டும் ரிசர்வ் வரிசைக்குக் கீழே போயிடும். யாரும் யாரையும் வெட்டலை, எரிக்கலை. ஒரு பேனாக் கோடு. 2017ஆம் வருச முடிவில் தமிழ்நாடு முழுக்க வார்டு மறுவரையறை வரைவு போட்டு ஆட்சேபம் கேட்டாங்க. 2022 பிப்ரவரி 19இல் நாம ஓட்டுப் போட்டது அந்தக் கோட்டுக்குள்ளேதான். இங்கே இருக்கிற தோழர்களில் எத்தனை பேர் அந்த வரைவைப் போய்ப் பார்த்தீங்க? சுவரொட்டி ஒட்ட இரவு முழுக்க முழிச்சோம். வரைபடத்தைப் பார்க்க ஒரு மத்தியானம் யாருக்கும் கிடைக்கலை. ஆதிக்கசாதிக் கட்சிக்காரன் கையில் அந்த வரைபடம் நமக்கு முந்தியே இருந்திருக்கும், அதில் சந்தேகம் வேண்டாம்.

விகிதம் என்று சொன்னேன். அந்த விகிதத்தையே யார் எண்ணுறது? 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து மதத்தில் இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தாங்க. ஞானஸ்நானம் வாங்கியவனும் கலிமா சொன்னவனும் வெளியே. நம்ம கடற்கரையில் மாதாகோயிலும் பள்ளிவாசலும் இல்லாத ஊர் குறைச்சல். ஒரே தெரு, ஒரே குழாயடி, ஒரே இழிவு. அண்ணன் பட்டியல் சாதி, மதம் மாறின தம்பி இல்லை. தம்பி ரிசர்வ் வார்டில் நிற்க முடியாது என்பதோடு நிற்கலை இது. அவன் குடும்பம் கணக்கிலேயே வராததால் அந்த வார்டின் விகிதமும் இறங்குது. அதனால் அண்ணனுக்கும் வார்டு போகுது! சலுகை போச்சு, சலுகை போச்சு என்று வேலைவாய்ப்பை வைச்சே இதைப் பேசுறோம். வார்டுக் கணக்கில் இது என்ன பண்ணுது என்று பேசுறதே இல்லை.

கணக்கிலேயே வராத இன்னொரு கூட்டம் மண்டபத்தில் இருக்கு. இலங்கைத் தோட்டத்துக்குக் கூலி பிடிச்சுக் கொண்டுபோன காலத்தில் ஆட்களை அடைச்சு வைச்சு நோய் பார்த்து அனுப்பிய இடம்தான் இன்றைய மண்டபம் அகதி முகாம். போனவங்களில் பெரும் பகுதி நம்ம சனம். 1947 தேர்தலில் அந்தத் தோட்டத் தொழிலாளி ஓட்டு மலையகத்தில் பல தொகுதிகளை முடிவு பண்ணுச்சு. உடனே என்ன பண்ணினாங்க? 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம். ஒரே வீச்சில் லட்சக்கணக்கான பேருக்கு ஓட்டுப் போச்சு. பிறகு 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசும் மனுசங்களைப் பங்கு போட்டுச்சு: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்த்துக்கலாம். அவங்களை யாரும் கேட்கலை. கேட்கிறதுக்கு ஓட்டு இருந்தால்தானே? தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினவங்க குடியுரிமையோடு வந்தாங்க. 1983க்குப் பிறகு படகில் வந்தவங்க அகதி. முகாமிலேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவங்களுக்கும் வார்டு கிடையாது, கவுன்சிலர் கிடையாது. 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படி இந்தியக் குடிமகன். அதை நிலைநாட்டவே ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 2024 தேர்தலில்தான் முதல் ஓட்டைப் போட முடிந்தது. லாஸ் ஏஞ்சல்சிலும் இதே நிலைதான். நகரத்தில் பாதிப்பேர் லத்தீன் அமெரிக்க வழியினர். 2022இல் பதினைந்து கவுன்சிலர்களில் அவங்க நாலே பேர். குடியுரிமை இல்லாதவங்க, வயசு வராதவங்க, பதியாதவங்க எல்லாரையும் கழிச்சா அந்தப் பாதி ரொம்பவே சுருங்கிப் போகுது.

சரி, வார்டு கிடைச்சது, ஜெயிச்சாச்சு. அப்புறம்?

நகராட்சித் தலைவரை 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தாங்க. 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாங்க. 2011இல் மறுபடி நேரடி. 2016இல் சட்டத்தை மாத்தினாங்க, 2018இல் திருப்பி மாத்தினாங்க, 2019இல் மறுபடி மாத்தினாங்க. 2022இல் மறைமுகத் தேர்தல். ஆளும் கட்சிக்கு எது தோதோ அது. தலைவர் பதவி நமக்கு ரிசர்வ் என்று வைச்சுக்குவோம். நேரடித் தேர்தல் என்றால் ஊர் முழுசிடமும் ஓட்டுக் கேட்கணும், அது தனித்தொகுதிக் கதை. மறைமுகம் என்றால் இன்னும் மோசம்: பெரும்பான்மைக் கட்சியில் நம்ம ஆள் ஒரே ஒரு கவுன்சிலர் இருந்தால் போதும், அவரைத் தூக்கி நாற்காலியில் வைச்சிடலாம். மத்த கவுன்சிலர்கள் கையில் அவர் கழுத்து. பக்கத்தில் துணைத்தலைவர். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது. யாருக்குப் போகும் என்று நான் சொல்லணுமா?

கிராமத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். இந்த மாவட்டத்தில் 429 ஊராட்சி. நீங்க தனிச் சீட்டில் முத்திரை குத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறீங்க. ஆனா ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறாங்க. நம்ம பெண் தலைவராக இருக்கிற ஊரில் தெருவிளக்குக்கு பல்பு வாங்கணும்னாலும் அவர் ஆதிக்கசாதித் துணைத்தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கணும். கொடியேற்ற விடலை, தரையில் உட்கார வைச்சாங்க என்று 2020இல் திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களிலிருந்து வந்த செய்தியைப் படிச்சுப் பதறினோம். பேனா முடங்கிக் கிடக்கிற சங்கதி செய்தியாகவே வர்றதில்லை.

நாற்காலியே வேண்டாம் என்று பண்ணின ஊர்களும் உண்டு. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். பழைய முகவை மாவட்டத்தில் இருந்து 1985இல் பிரிந்த விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996 தொடங்கிப் பத்து வருசம் அங்கே தேர்தல் நடக்க விடலை, நடந்தாலும் ஜெயிச்சவரை உடனே ராஜினாமா பண்ண வைச்சாங்க. 2006இல்தான் தலைவர்கள் நிலைச்சாங்க. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸிலேயே வெட்டிக் கொன்னாங்க. ஒரு ஊராட்சித் தலைவர் பதவி, அதுக்கு இத்தனை உயிர்!

இனி நமக்குள்ளே. இதைப் பேசாமல் விட்டால் இந்தப் பேச்சே பொய்யாகும். லாஸ் ஏஞ்சல்சில் 2022 அக்டோபரில் ஒரு ஒலிநாடா வெளியே வந்தது. லத்தீன் அமெரிக்க வழிவந்த மூன்று கவுன்சிலர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் வார்டு எல்லையை எப்படிப் போடலாம் என்று அறைக்குள் பேசினது. அதிலே நகர்மன்றத் தலைவர் ஒரு சக கவுன்சிலரின் கருப்பினக் குழந்தையைக் கேவலமாகப் பேசுறார். தன் நாட்டிலிருந்தே வந்த வஹாகா பழங்குடி மக்களைக் குள்ளம், கருப்பு, அசிங்கம் என்கிறார். ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு. கோட்டைக் கையில் வாங்கினதும் அடுத்தவனை வெட்டத்தான் கை போகுது. நம்ம கதை என்ன? 2021இல் நாடாளுமன்றத்தில் ஏழு சாதிப் பேர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்கிற ஒரே பேரின் கீழே கொண்டுவந்தாங்க. அதே சட்டத்தில் இராமநாதபுரம் உட்பட ஏழு மாவட்டக் கடலோரப் பகுதிக் கடையர் மட்டும் விலக்கு. பேர் வைச்சுக்கிறது அவரவர் உரிமை. நான் கேட்கிறது இதுதான்: ரிசர்வ் வார்டில் பள்ளர் நின்றால் பறையர் தெரு ஓட்டு எங்கே போகுது? அருந்ததியர் பத்து வீடு இருக்கே, அவங்களிடம் ஓட்டுக் கேட்கப் போறோம், அவங்களில் ஒருத்தரை நிறுத்த எத்தனை தடவை பேசியிருக்கோம்? எண்ணிக்கை குறைச்சல் என்று நமக்கு எவன் என்ன நியாயம் சொன்னானோ அதே நியாயத்தைத்தான் நாம அவங்களுக்குச் சொல்றோம்.

காலையில் ஒரு மாணவர் கேட்டார், 'இவ்வளவு மோசடி என்றால் தேர்தலைப் புறக்கணிக்கலாமே?' என்று. விடுதலைச் சிறுத்தைகள் 1999 வரைக்கும் அப்படித்தான் புறக்கணிச்சாங்க, அதுக்கு ஒரு நியாயம் இருந்தது. சட்டமன்றம், நாடாளுமன்றம் பற்றி அந்த விவாதம் இன்னும் நடக்கட்டும். வார்டில் நான் அதை ஒத்துக்க மாட்டேன். தண்ணிக் குழாய், சுடுகாட்டுப் பாதை, கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகுது. நாம புறக்கணிச்சா அந்த முந்நூறு ஓட்டு இல்லாமலே அவன் நிம்மதியாக ஜெயிப்பான்.

வேலையைச் சொல்றேன். உள்ளாட்சிக்குத் தனியாக வாக்காளர் பட்டியல் எடுக்கிறதில்லை. சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாக வெட்டி ஒட்டுறாங்க. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கினப்போ நம்ம ஆட்கள் பாதிப்பேர் திருப்பூரிலும் சென்னையிலும் கூலிக்கு இருந்தாங்க. ஆகவே ஒவ்வொருத்தரும் உங்க தெருப் பட்டியலை எடுத்து, பேர் இருக்கா, சரியான வார்டில் இருக்கா என்று வீடு வீடாகப் போய்ப் பாருங்க. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப் போறதாக அறிவிச்சிருக்காங்க. எண்ணி முடிச்சதும் வார்டுக் கோட்டைத் திருத்தச் சொல்லிக் கேட்க நம்ம கையில் புது எண் இருக்கும். இப்பவே நகராட்சி அலுவலகத்தில் இருக்கிற வார்டு வரைபடத்தின் நகலை வாங்குங்க. நம்ம தெருக்களை அதில் சிவப்பு மையில் குறிங்க. எந்தச் சேரி எந்த இடத்தில் இரண்டாக வெட்டுப்பட்டிருக்கு என்று பரமக்குடி, இராமநாதபுரம், கீழக்கரை, இராமேஸ்வரம் நாலு நகராட்சிக்கும், மண்டபம், தொண்டி, முதுகுளத்தூர், கமுதி உட்பட ஏழு பேரூராட்சிக்கும் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. வரைபடம் தர மாட்டேன் என்று சொன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்க. பத்து ரூபாய் செலவு. மனு எழுதத் தெரியாதவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் என்னிடம் வாங்க, உட்கார்ந்து எழுதிடலாம்.